பொலன்னறுவைக் கல்லொன்று கற்பித்த பாடம்



சென்ற விடுமுறையில், வெள்ளவத்தையிலிருந்து விடியுமுன் வேனொன்றிற் புறப்பட்டு, குடும்பத்துடன் பொலன்னறுவைக்குச் சென்றோம். பகல் முழுவதற்கும் சிங்கள வழிகாட்டி ஒருவரை எமக்கெனவே அமர்த்திக்கொண்டோம்.

11ஆம் நூற்றாண்டிற் சோழர் கல்லாற் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரத்தின் வாயிலில், எமக்கு முன்னரே அவர் செருப்பைக் கழற்றினார். பின்னர், பழைய தந்ததாதுக் கோயில்கள் அமைந்த முற்றத்திலே, எழுத்துப் பொறித்த நெடிய கல்லொன்றின் முன் நின்று, "இது தமிழ், ஐயா, வாசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

முப்பதாண்டு ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கோ, நாலைந்து எழுத்துகளே பிடிபட்டன. பேரன் என் முகத்தையே பார்த்து நின்றான்.

வழிகாட்டியே பொருள் கூறினார்: வேளைக்காரர் என்னும் தமிழறிந்த படையினர், 12ஆம் நூற்றாண்டிலே, புத்தபெருமானின் தந்ததாதுக் கோயிலைத் தம் உயிர் கொடுத்தும் காப்போமென உறுதியுரைத்து நாட்டிய கல் அது.

எம் மொழியில் எழுதிய வாக்குறுதியை அயலார் காத்து வைத்திருக்க, யான் அதனை ஒரு மாணவனுக்கேனும் சொல்லியதில்லை. விடுமுறை முடிந்ததும் முதற் பாடமாக அதனையே கற்பித்தேன். நீங்களும் அங்கு சென்றால், பிள்ளைகளுடன் அக்கல்லின் முன் சற்று நில்லுங்கள்.