மணியின் நாதமும் யூபோனியத்தின் நாதமும்

(யூபிலி விழாவையொட்டி ஆலய பேண்டு குழுவினரிடையே பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி நினைவாக நம் குழுவுக்குப் புதிய யூபோனியம் ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறோம். எதை வாங்குவது என்பதில்தான் இரு கருத்துகள். விரிந்த வாய்ப்பகுதி பித்தளையாக இருந்தால் போதும் என்கின்றனர் சிலர். அது வெள்ளியால் ஆனதாக இருந்தால்தான் நாதம் இனிக்கும் என்கின்றனர் வேறு சிலர். விலையிலோ பெரிய வித்தியாசம். தாய்மார்கள் பிடி அரிசி எடுத்து வைத்துச் சேர்த்த பணம் இது. ஆகவே, சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

முதலில் நம் கோபுரத்து மணியை எண்ணிப் பார்ப்போம். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம் அது. நாக்கு அடித்ததும் உலோகமே அதிர்ந்து பாடுகிறது. ஆகவே அங்கே உலோகம்தான் எல்லாம்.

யூபோனியம் அப்படியன்று. 1840-களில் ஜெர்மனியில் தோன்றிய இக்கருவியின் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'இனிய குரலுடையது' என்பது பொருள். இதில் பாடுவது உலோகம் அல்ல; ஏறத்தாழ ஒன்பது அடி நீளக் குழலுக்குள் அடைபட்ட காற்று. ஊதுபவரின் உதடுகள் அந்தக் காற்றை அதிரச் செய்கின்றன. குழல் எப்படிப் படிப்படியாக விரிகிறது என்பதே அதன் குரலைப் பெரிதும் முடிவு செய்கிறது. நாதஸ்வரத்தின் அணசு போன்ற அந்த விரிந்த வாய், ஒலியை வெளியே அனுப்புகிறது.

அப்படியானால் உலோகத்துக்குப் பங்கே இல்லையா? சாதாரண மஞ்சள் பித்தளையில் செம்பு 70 விழுக்காடு, துத்தநாகம் 30. பொன்னிறப் பித்தளையில் செம்பு 85 விழுக்காடு வரை உண்டு. முன்னது பளிச்சென்றும் பின்னது கனிவாகவும் ஒலிக்கும் என்பது கலைஞர்களின் அனுபவம். ஆனால் 1986-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் ஸ்மித் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. வெவ்வேறு கனமுள்ள வாய்ப்பகுதிகளைப் பொருத்திய டிராம்போன்களை, எது எதுவென்று தெரியாமல் ஊதியபோது, தேர்ந்த கலைஞர்களாலும் அவற்றைப் பிரித்தறிய இயலவில்லை. 2005-இல் அமெரிக்காவில் தாமஸ் மூர் குழுவினர் டிரம்பெட்டின் வாயை மணல் மூட்டைகளால் அதிராமல் தடுத்துப் பார்த்தனர். ஒலியில் சிறிய, ஆனால் அளக்கக்கூடிய மாற்றம் தெரிந்தது. ஆக, உலோகத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் அது சிறு பங்கே. மேலே பூசப்படும் வெள்ளி முலாமோ மிக மெல்லியது. அதை அழகுக்கும் பாதுகாப்புக்கும் என்றே கொள்வோம்.

ஊதுபவர் தம் கையில் உணரும் அதிர்வு அவருக்கு ஊக்கம் தரலாம். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கோயிலின் கடைசி வரிசையில் நிற்கும் பாட்டியின் காதுக்கு எட்டுவது எது என்பதே நம் கேள்வி.

ஆதலால் நாம் செய்ய வேண்டியது இது. கடையில் இரண்டு மூன்று கருவிகளை ஒரே ஊதுவாய் வைத்து ஒருவரே ஊதட்டும். மற்றவர்கள் திரும்பி நின்று கேட்கட்டும். வால்வுகள் தடையின்றி இறங்கி ஏறுகின்றனவா, காற்று கசிகிறதா, எல்லாச் சுரங்களும் சுருதி சேருகின்றனவா என்று பார்ப்போம். இவற்றில் தேறும் நல்ல பித்தளைக் கருவியே நமக்குப் போதும். மீதிப் பணத்தில் ஓர் ஆசிரியரை அமர்த்தி, நம் சிறுவர்களுக்கு மூச்சையும் உதட்டையும் ஆளக் கற்றுக்கொடுப்போம்.

மணிக்கு நல்ல உலோகம் தேடினோம். யூபோனியத்துக்கு நல்ல மூச்சைத் தேடுவோம். அந்த மூச்சு நம் பிள்ளைகளிடமே இருக்கிறது.