கரும்பலகையிலிருந்து கடற்கரைக்கு

(ஜும்ஆ உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவனுக்கே எல்லாப் புகழும்! அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டுமாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இன்றைய உரை நம் கடற்கரை ஊர்களின் உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களை நோக்கியது. தம் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்திருக்கும் பெற்றோரும் செவிமடுக்க வேண்டியது.

ஒரு மாலை நேரப் பாடம்

ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் ராமேசுவரத்தின் தொடக்கப்பள்ளி ஒன்றில் நடந்தது இது. சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்தார். தலை, இறக்கை, வால் என ஒவ்வொன்றையும் காட்டிப் பறவை எவ்வாறு பறக்கிறது என்று விளக்கினார். முடிவில், "புரிந்ததா?" என்று வினவினார். பள்ளிவாசல் தெருவிலிருந்து வந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், தனக்குப் புரியவில்லை என்றான். வேறு பல மாணவர்களும் அதையே சொன்னார்கள்.

அந்த ஆசிரியர் கோபப்படவில்லை. கவனிக்காதது உங்கள் குற்றம் என்று பழிக்கவும் இல்லை. அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அலைகளின் மேல் கூட்டமாகப் பறந்த பறவைகளைக் காட்டினார். அவை சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் பிள்ளைகள் தம் கண்களாலேயே கண்டார்கள்.

அந்தச் சிறுவனை நீங்கள் அறிவீர்கள். பள்ளிவாசல் இமாம் ஜைனுலாப்தீன் அவர்களின் மகன், டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். 1980 ஜூலை 18-இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியபோது அத்திட்டத்தின் தலைவராக இருந்தவர். 2002-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானவர். தம் வாழ்வின் திசையைத் தீர்மானித்தது அந்த மாலைப்பொழுதுதான் என்று அவர் மேடைதோறும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

சகோதரர்களே! சற்றே சிந்தியுங்கள். காலையில் நடத்தியதும் மாலையில் நடத்தியதும் ஒரே பாடம்தான், ஆசிரியரும் ஒருவரே. மாறியது கற்பித்த முறை மட்டுமே. "புரியவில்லை" என்ற சொல்லை அவர் அவமதிப்பாகக் கருதியிருந்தால், அந்தப் பாடம் காலையிலேயே முடிந்துபோயிருக்கும்.

பேசாத பிள்ளைகள்

"புரியவில்லை" என்று சொல்லத் துணிவு வேண்டும். அத்துணிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் ஒரு விடுகதை போட்டார்கள். இலை உதிராத ஒரு மரம், இறைநம்பிக்கையாளருக்கு உவமையானது. அது எது என்று கேட்டார்கள். தோழர்களின் எண்ணம் காட்டு மரங்களின் பக்கம் சென்றது. அது பேரீச்சை என்பது இளைஞரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பட்டது. ஆயினும் பெரியவர்கள் இருந்த சபையில் வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிட்டார்கள். பின்னர் இதைக் கேட்ட தந்தை உமர் (ரலி) அவர்கள், நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்ற கருத்தில் பேசினார்கள். புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

விடை தெரிந்தவரே வெட்கத்தால் வாய் திறக்கவில்லையென்றால், விடை தெரியாத பிள்ளை எப்படி வாய் திறக்கும்? இரவெல்லாம் தந்தையோடு வலை இழுத்துவிட்டுக் காலையில் பள்ளிக்கு வருகிறான் ஒருவன். வீட்டில் எழுத்தறிந்தவர் எவருமின்றி முதல் தலைமுறையாகப் படிக்கிறாள் ஒருத்தி. இவர்கள் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அந்த அமைதியை ஒழுக்கம் என்று நாம் பாராட்டுகிறோம். ஒருநாள் அந்த இடம் காலியாகும். பையன் படகுக்குப் போயிருப்பான். பெண்ணுக்கு நிக்காஹ் பேசப்பட்டிருக்கும். "புரியவில்லை" என்று அவர்கள் கடைசிவரை சொல்லவேயில்லை, நாமும் கேட்கவேயில்லை.

நபிகளார் கற்பித்த விதம்

மறுமையையும் ஒழுக்கத்தையும் போதிக்க வந்த தூதர், மணலில் கோடு வரைந்து பாடம் நடத்தினார்கள் என்பது நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோட்டையும் போட்டார்கள். மனிதனைச் சூழ்ந்துள்ள ஆயுளையும், அதனைத் தாண்டி நீளும் அவனது ஆசையையும் அவ்வாறு காட்டினார்கள். முக்கியமானதை மூன்று முறை சொன்னார்கள். கேட்போர் சலிப்படையாதிருக்க நாள் பார்த்து உபதேசித்தார்கள். தொழுகையின் நடுவே அறியாமல் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களை நபிகளார் கடிந்துகொள்ளவில்லை, முகம் சுளிக்கவுமில்லை, தவறை மென்மையாக விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் முன்னும் பின்னும் கண்டதில்லை என்று அந்தத் தோழர் சான்று பகர்கிறார்.

நம்மைச் சுற்றியுள்ள பாடநூல்

ஆசிரியப் பெருமக்களே! பாடத்திட்டம் பெரிது, பொதுத்தேர்வு நெருங்குகிறது, நேரமில்லை என்று நீங்கள் சொல்வது நியாயமே. ஆனால் நடத்தி முடித்த பாடமும் கற்று முடித்த பாடமும் ஒன்றல்ல. அரசு 2018-ஆம் ஆண்டு தொடங்கிப் புதிய பாடநூல்களைத் தந்தது. புதிய ஆசிரியரை எந்த அரசும் அச்சிட்டுத் தர முடியாது. அவரை நீங்களே உங்களுக்குள் உருவாக்க வேண்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழுந்து கப்பலுக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நடுப்பகுதியோ நேராக 17 மீட்டர் உயரே செல்கிறது. முன்னதில் திருப்புத்திறனையும், பின்னதில் கப்பியையும் எதிர் எடையையும் காட்டலாம். தெவிட்டிய கரைசலுக்கு வாலிநோக்கத்து உப்பளம் இருக்கிறது. உயிரியலுக்கு ராம்சர் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. புயலைப் பற்றிய பாடத்திற்கு, 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைக் கண்ட முதியவர் ஒருவரை வகுப்பிற்கு அழைத்து வாருங்கள்.

வெளியே செல்ல இயலாத நாள்களிலும் செய்யக்கூடியவை உண்டு. கேள்வி கேட்டபின் உடனே விடையைச் சொல்லிவிடாமல் சற்றுக் காத்திருங்கள். பாடத்தின் கடைசி ஐந்து நிமிடங்களில் புரியாததைப் பெயர் எழுதாமல் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுநாள் பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். சக ஆசிரியரின் வகுப்பில் மாதம் ஒருமுறை மாணவர்போல் அமருங்கள். உங்கள் வகுப்பிற்கு அவரை அழையுங்கள்.

தவறிவிட்டோமே என்று தளர வேண்டாம். கலாம் அவர்கள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, புதிதாக வந்த ஓர் ஆசிரியர், கோயில் அர்ச்சகரின் மகனருகே முஸ்லிம் சிறுவன் அமர்வதைப் பொறுக்காமல் அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரிகளே அவ்வாசிரியரை அழைத்துக் கண்டித்தார். அவர் வருந்தினார், திருந்தினார். பின்னர் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில், வீட்டு நினைவில் வாடிய அதே மாணவருக்கு ஐயாத்துரை சாலமன் என்னும் ஆசிரியர் தன்னம்பிக்கையை ஊட்டினார். ஓர் ஐயரும் ஒரு கிறிஸ்தவரும் ஓர் இமாமின் மகனை வளர்த்தெடுத்த மண் இது.

பெற்றோர்களே! ஆசிரியரைச் சந்திக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்காதீர்கள். என் பிள்ளை வகுப்பில் கேள்வி கேட்கிறதா என்று கேளுங்கள். வீட்டிலும் அதன் கேள்வியை அதட்டி அடக்காதீர்கள்.

2015 ஜூலை 27-இல் ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோதே கலாம் அவர்களின் உயிர் பிரிந்தது. ஒரு மாலை நேரப் பாடத்திற்கு அவர் பட்ட கடனை இறுதி மூச்சுவரை செலுத்திக்கொண்டிருந்தார். நம் வகுப்பறைகளில் பேசாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களுக்கும் ஒரு கடற்கரை மாலை கிடைக்க வேண்டாமா?

யா அல்லாஹ்! எங்கள் ஆசிரியர்களுக்குப் பொறுமையையும் புதியன தேடும் உள்ளத்தையும் தந்தருள்வாயாக! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், தெரியாததைக் கேட்கும் துணிவையும் வழங்குவாயாக! ஆமீன்.