ஜஹாங்கீர் வரையச் சொன்ன முகம்

(மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டில்லி நேஷனல் மியூசியத்தில் முகலாயச் சிற்றோவியங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பேரக் குழந்தைகள் இழுக்கிற அவசரத்தில் இரண்டு நிமிஷத்தில் நகர்ந்துமிருப்பீர்கள்!

நான் ரசாயனம் படித்தவன். ஆகவே முதலில் சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். பல காகிதங்களைப் பசையால் ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். தூரிகை அணில் ரோமம். நீலத்துக்கு ஆப்கானிஸ்தானத்து பதக்ஷானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல். நீர்வண்ணம்தான் என்றாலும், தாள் தெரியாதபடி கெட்டியாகப் பூசுவார்கள். தங்க ரேக்கை அரைத்துப் பிசினில் குழைத்துத் தீட்டி, காய்ந்தபின் மெருகேற்றுவார்கள். ஈய வெள்ளை கந்தக வாயு பட்டால் கறுத்துவிடும். தங்கத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

அக்பர் தாமும் அமர்ந்து, பிரபுக்கள் அனைவரையும் வரையச் செய்து பெரிய ஆல்பமே சேர்த்தார் என்று அபுல் ஃபசல் எழுதியிருக்கிறார். ஜஹாங்கீரோ 1613-ல் பாரசீகம் சென்ற தூதுக்குழுவோடு பிஷன்தாஸ் என்ற ஓவியரை அனுப்பினார். ஷா அப்பாஸின் முகத்தை உள்ளபடி பார்க்க வேண்டுமாம்!

இதே ஜஹாங்கீர் தம் தலைக்குப் பின்னால் தங்க ஒளிவட்டம் தீட்டச் சொன்னவர். ஆனால் 1618-ல் நடந்தது வேறு. இனாயத் கான் என்ற அதிகாரி, அபினும் மதுவும் உடலை அரித்த நிலையில், ஆக்ரா போக அனுமதி கேட்டார். பல்லக்கில் வந்தவரைப் பார்த்து பாதுஷா திடுக்கிட்டார். எலும்பின்மேல் போர்த்திய தோல். ஓவியர்களைக் கூப்பிட்டு வரையச் சொன்னார். தம் நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

திண்டுகளில் சாய்ந்திருக்கிறார் அந்த மனிதர். திறந்த மார்பில் விலா எலும்புகளை எண்ணலாம். விடைபெற வந்தவரை வேடிக்கைப் பொருளாக்குவதா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாதுஷா வழிச்செலவுக்குப் பணம் கொடுத்தனுப்பினார் என்பதும் உண்மை. தாமும் மதுவுக்கும் அபினுக்கும் அடிமை என்பதை ஜஹாங்கீர் அதே நூலில் மறைக்கவில்லை. அந்த விலா எலும்புகளில் அவர் யாரைக் கண்டாரோ!

மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார்.

கோட்டோவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், வண்ண ஓவியம் ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காகித ஓவியங்களை எப்போதும் வெளிச்சத்தில் வைக்கமாட்டார்கள்.