மகள் முதுமாணி படிக்கக் கேட்டால்

(தோட்ட இளைஞர்களுக்கும் பெற்றோருக்குமான ஞாயிறு கல்விக் கூட்டத்தில் எமது சங்கத்தின் கல்விப் பிரிவுத் தோழி ஆற்றிய உரை)



போன மாதம் கொழுந்து மடுவத்தில் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "மகள் டிகிரி முடிச்சிட்டா. இப்ப பொருளியல்ல மாஸ்டர்ஸ் செய்யணுமாம். அது என்னத்துக்கு? இன்னும் எவ்வளவு காசு போகும்?" நிறுவை நேரம் என்பதால் நின்று பேச முடியவில்லை. அன்று சொல்லாததை இன்று எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலில், என்னத்துக்கு?

ஒரு கணக்குப் போடுவோம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலைத்தூள் வரும். ஒரு அக்கா 18 கிலோ எடுத்தால் அது 4 கிலோ தூள். நாள் சம்பளத்தில் 100 ரூபாய் கூடினால் ஒரு கிலோ தூளுக்கு 25 ரூபாய் கூடும். இதுவரை நமக்கும் தெரியும். அந்த 25 ரூபாயை யார் தாங்குவது? கொழும்பு ஏலத்தில் விலை ஏறுமா? உரச் செலவு எவ்வளவு, நிர்வாகச் செலவு எவ்வளவு? பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யாததால் விளைச்சல் எவ்வளவு குறைந்தது? இதைச் சொல்லத்தான் பொருளியல் படித்தவர் வேண்டும்.

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் அவர்கள் உற்பத்திச் செலவு அட்டவணையோடு வந்து உட்காருகிறார்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக ஆயிரம் ரூபாய் வந்தபோதும் "கட்டுப்படியாகாது" என்றுதான் சொன்னார்கள். அந்த அட்டவணையை வரி வரியாக வாசித்து, "இந்த இலக்கம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்க நம் பக்கத்திலும் பிள்ளைகள் இருக்க வேண்டும். அம்மாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இனி, என்ன தகுதி வேண்டும்?

நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தைப் பொருளியலில் நல்ல வகுப்போடு முடித்தவர்களுக்கு வழி நேரானது. மூன்று வருடப் பொதுப் பட்டத்தில் பொருளியலை ஒரு பாடமாகப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் பல இடங்களில் நல்ல பெறுபேறோ, வேலை அனுபவமோ, நுழைவுப் பரீட்சையோ கேட்பார்கள். அது போதாவிட்டால் முதலில் பட்டப்பின் டிப்ளோமா செய்து, அதிலிருந்து முதுமாணிக்கு ஏறலாம். வெளிவாரியாகப் படித்தவர்களும் மனம் தளர வேண்டாம். விளம்பரத்தில் உள்ள தகுதிப் பகுதியை முழுதாக வாசியுங்கள்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி முதுமாணி இரண்டு வகை. பாடங்களை மட்டும் படிப்பது 30 திறமைப்புள்ளி, ஒரு வருடம். ஆய்வும் சேர்ந்தது 60 திறமைப்புள்ளி, இரண்டு வருடம். ஒரு திறமைப்புள்ளி என்றால் 50 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்காருவது அதில் ஒரு பகுதிதான். பின்னால் கலாநிதிப் பட்டம் வரை போக நினைப்பவர்கள் ஆய்வு உள்ளதைத் தெரிவு செய்வது நல்லது.

தம்பி தங்கைகளே, இரண்டு விஷயத்தில் இப்போதே கவனம் வையுங்கள். ஒன்று கணிதமும் புள்ளிவிபரவியலும். முதுமாணியில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான். மற்றது ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு அங்கே போனால் புத்தகமும் கட்டுரையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

எங்கே படிக்கலாம்? கொழும்பு, பேராதனை, களனிப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் முதுமாணி உண்டு. பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது. விவசாயப் பொருளியல் அங்கே படிக்கலாம். தேயிலையைப் பற்றி ஆராய நினைக்கும் பிள்ளைக்கு அது பொருத்தம், நமக்குக் கிட்டவும் இருக்கிறது. பல வகுப்புகள் வார இறுதியில் நடப்பதால் ஆசிரியராக வேலை செய்துகொண்டே படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

காசு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் இலவசம். மஹாபொல உதவியும் கிடைக்கும். முதுமாணிக்குக் கட்டணம் உண்டு, அது பெரும்பாலும் இலட்சக் கணக்கில் வரும். தவணையாகக் கட்டலாமா என்று முதலிலேயே கேளுங்கள். முழுநேரமாகப் படிக்க இந்திய அரசின் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், பொதுநலவாயப் புலமைப்பரிசில், பிரித்தானியாவின் செவனிங் ஆகியவை உண்டு. செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் நாடு திரும்ப வேண்டும். புதுடில்லியில் சார்க் நாடுகளுக்கான தென்னாசியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "ஆறு மாதத்தில் மாஸ்டர்ஸ், சோதனை இல்லை" என்று வரும் துண்டுப் பிரசுரத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.

அந்த அம்மாவும் இன்று வந்திருக்கிறார். அம்மா, மகள் உடனே போகத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் கடன் இருந்தால் முதலில் வேலைக்குப் போகட்டும். இரண்டு வருடம் கழித்துப் படித்தாலும் பட்டம் பட்டம்தான், அந்த அனுபவமே ஒரு தகுதியாகவும் அமையும். ஆனால் "இவ்வளவு படித்தது போதும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பட்டச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் எடுத்துக்கொண்டு மகளைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம்.