கடல் கடந்த கோயிலும் கதவடைத்த வீடும்



தைப்பூசம் நெருங்கிவிட்டால் நம் செட்டிநாட்டு மானகிரிப் பக்கமெல்லாம் காவடி வாசம்தான். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, அங்கிருந்து பழனிக்கு நடைகட்டும். அதே நாட்களில் சிங்கப்பூரிலும் நகரத்தார் காவடி எடுக்கிறார்கள். பூசத்துக்கு முந்தின நாளுக்கு அங்கே ‘செட்டிப்பூசம்’ என்றே பெயர். வெள்ளி ரதம் கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குத் திரும்பும்.

அந்தத் தண்டாயுதபாணி கோயிலை லேவாதேவிக்குக் கப்பலேறிய நம் ஊர்க்காரர்கள் எழுப்பியது 1859-இல். ஆனால் இன்று நிற்பது அந்தக் கட்டடமல்ல. புதிதாகக் கட்டி 1983-இல் குடமுழுக்குச் செய்தது. விதானத்தில் தெய்வ உருவங்கள் கொண்ட 48 கண்ணாடிப் பலகைகள். காலை வெயிலும் மாலை வெயிலும் ஏந்தும்படி அவற்றைச் சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். 2014-இல் சிங்கப்பூர் அரசு இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. அப்போது கட்டடத்துக்கு வயது 31. வழிபாட்டுக்கோ 150-ஐத் தாண்டிவிட்டது.

அதே ஊரில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தார் லேவாதேவி நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம்; ஆளுக்கொரு பெட்டி, ஒரு கைமேசை. பகலில் கணக்கு, இரவில் அங்கேயே படுக்கை. நகர மேம்பாட்டில் அவை இடிபட்டுப்போயின. இத்தனைக்கும் நினைவுச்சின்னங்களைக் காக்க 1971-லேயே தனி வாரியம் அமைத்த நாடு அது. கோயில் நின்றது, கிட்டங்கி போனது. ஏன்? கோயிலுக்கு ஆண்டுதோறும் திருவிழா உண்டு. பொறுப்பேற்க ஆள் உண்டு. தொழில் வரவில் சாமிக்கென்று மகமை ஒதுக்கும் பழக்கமும் நகரத்தாருக்கு உண்டு. கிட்டங்கிக்குத் தொழில் ஒன்றுதான் உயிர். தொழில் அடங்கியதும் கேட்க நாதியில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். அதே 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறின. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று நாமும் பெருமை பேசுகிறோம். ஆனால் பல வீடுகள் திறப்பது கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும்தான். ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். வளவில் ஒரே ஒரு நாட்டு ஓடு நழுவினால் போதும். ஐப்பசி மழை அந்த வழியாக இறங்கிக் கைமரத்தை நனைக்கும், காரைச் சுவரில் ஊறும். ஓடு மாற்றச் செலவு சொற்பம். அதை யார் கொடுப்பது என்ற பேச்சு முடிவதற்குள் கூரையே உட்கார்ந்துவிடும். பிறகு தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கும்.

வழி நம்மிடமே இருக்கிறது. ஊர்க்கோயிலுக்குப் புள்ளி வரி போடுகிறோம். கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. எந்த நாட்டில் இருந்தாலும் பங்கு வந்துவிடுகிறது. பூர்வீக வீட்டுக்கும் பங்காளிகள் அப்படியொரு வரி போட்டுக்கொள்ளலாமே? ஆவணிக்குள் ஓடு மாற்றுவது முதல் செலவு. சாவி ஊரில் இருக்கும் ஒருவரிடம். கணக்கு எல்லோர் பார்வைக்கும். யுனெஸ்கோ வரும்போது வரட்டும். இந்த மழைக்கு முன்னால் ஏணி வைத்து ஏற ஓர் ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.