பயணியும் பழவேற்காடும்

பல நாடுகளைக் காண வேண்டும் என்னும் ஆசை மனித இனத்தோடு பிறந்தது. எனினும், ஓர் ஊரைப் பார்ப்பது வேறு, அதை அறிவது வேறு என்பதற்கு, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டை விடச் சிறந்த சான்று தமிழகக் கடற்கரையில் அரிது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரவிக் கிடக்கும் இதன் ஏரி, ஆரணி, காளங்கி முதலிய ஆறுகளின் நன்னீரும் முகத்துவாரம் வழியே புகும் கடல்நீரும் கலக்கும் காயலாகும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் இதுவே பெரிய உவர்நீர் ஏரி.

இந்த ஊருக்கு அரேபியரும் போர்த்துகீசியரும் வந்தனர். 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் இசைவைப் பெற்று, 1613இல் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தது. மிளகும் கிராம்பும் விளைந்த கிழக்குத் தீவுகளில் வெள்ளி நாணயத்தைக் காட்டிலும் சோழமண்டலத் துணிக்கு மதிப்பு மிகுதி என்பதால், இங்குத் துணி வாங்கி, அதைக் கொடுத்து அங்கு நறுமணப் பொருள் பெறுவது அவர்களுடைய வணிக முறையாயிற்று. அதே கப்பல்களில், பஞ்சக் காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட எளிய மக்களும் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றிச் செல்லப்பட்டனர். ஆகவே, பழவேற்காட்டின் கடற்பயண வரலாற்றில் விரும்பிப் போனவரோடு, விருப்பமின்றிக் கொண்டுபோகப்பட்டவரும் இடம்பெற வேண்டும். இன்று வருகிறவர் பெரும்பாலும் முதலில் காண்பது தொல்லியல் துறையின் காப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத்தான். அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்க, உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கற்பலகைகளில் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் காணப்படுகின்றன.

ஆனால் வந்தவர்களுள் ஒருவர், பார்ப்பதோடு நில்லாமல், கேட்டு எழுதினார். ஆபிரகாம் ரொஜேரியஸ் என்னும் டச்சுச் சமயகுரு 1632 முதல் பத்தாண்டுகள் இங்குத் தங்கி, பத்மநாபன் என்னும் அந்தணரிடம், இருவருக்கும் பொதுவாயிருந்த போர்த்துகீசிய மொழியில், இந்து சமயத்தின் நம்பிக்கைகளையும் சடங்குகளையும் கேட்டறிந்தார். அவற்றை அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651இல் லெய்டன் நகரில் வெளியாகி, வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்களை முதன்முதலாக ஓர் ஐரோப்பிய மொழிக்குக் கொண்டு சென்றது. அதற்குக் காரணம் நெடிய தங்கலும் பொறுமையான கேள்வியுமே. எனினும், பெரும்பாலும் அந்தணர் வாயிலாகவே கேட்டதால், அந்நூல் காட்டும் ஊர் பெரிதும் அந்தணர் அறிந்த ஊராகவே உள்ளது. கோட்டைச் சுவருக்கு அப்பால் வலை வீசியவர்களின் உலகை அறிய வேறு பலரையும் கேட்டிருக்க வேண்டும்.

அந்த உலகின் நடுவில் இருப்பது பாடு என்னும் ஏற்பாடு. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நீர் கடலை நோக்கி வடியும் வேளையில் முகத்துவாரத்தை ஒட்டிக் கட்டப்படும் வலைகளில்தான் மிகுதியாக விழும். அத்தகைய நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய, பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் ஊர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும்; இந்த முறையே பாடு எனப்படும். ஊரில் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவருக்கே பங்கு உண்டு. ஊருக்குள் இது பூசலைத் தணித்தாலும், பாடு இல்லாத பிற சமூகத்தினர் உரிமை கோரும்போது வெளியே சண்டை மூண்டதும் உண்டு. இருளர் பழங்குடிப் பெண்களோ வலையும் படகுமின்றி, ஆழமற்ற நீரில் இறங்கி, சேற்றைக் கைகளால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் பறி என்னும் பின்னிய கூடையில் போடுகிறார்கள். இரு கைகளும் துழாவ வேண்டியிருப்பதால் கூடையைப் பிடிக்கும் வேலை பல்லுக்கு வந்துவிடுகிறது.

இவ்வாழ்க்கை முழுதும் முகத்துவாரத்தைச் சார்ந்திருக்கிறது. அதை மணல் அடைத்துவிட்டால் கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வர வழியில்லை. முறை வந்தும் வலை வெறுமையாகும். குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் பூநாரைகளைப் படமெடுக்க வருபவர் பலர்; அப்பறவைகள் அலகால் வடிகட்டி உண்ணும் நுண்ணிய இரையும், மீனவர் எதிர்பார்க்கும் இறாலும், ஒரே நீரின் உப்பையும் மட்டத்தையும் நம்பியிருப்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

ஆதலால், அயல்நாடுகளைக் காணப் பொருளும் வசதியும் வாய்க்கும்வரை காத்திருப்பவர்கள், முதற்பயிற்சியாகப் பழவேற்காட்டுக்கு ஒருநாள் சென்று வரலாம். கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதும். மீதி நேரத்தைப் படகுத்துறையிலும் குப்பங்களிலும் செலவிட்டு, அன்றைய பாடு யாருடையது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பவும் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா சென்றவர்களின் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்த இடம் இது என்பதால், ஏரிக்குள் அழைத்துச் செல்லும்படி மீனவர்களை வற்புறுத்தாமலிருப்பது வருகிறவர்கள் கட்டாயம் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்காகும்.