பாடசாலைக் காணியில் ஊராருக்குள்ள உரிமை யாது?
(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



“இப்பள்ளிக்கூடம் எங்கள் ஊரார் கட்டியது” என்று நாம் பெருமையோடு கூறுகின்றோம். அது உண்மையே. திண்ணையிலும் ஓலைக் கொட்டிலிலும் தொடங்கிய பாடசாலைகள் பல, பிடியரிசி சேர்த்தும் பரப்புக் காணியை நன்கொடையாக எழுதியும் வளர்ந்தவை. ஆயினும், ஊரார் கட்டியது என்பது வரலாறு. ஊராருக்கு உரியது என்பதோ சட்டத்தால் நிறுவ வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுதல் கூடாது.

சட்டத்தின் கண்ணில் உடைமை வேறு, முகாமை வேறு, பயன்பாடு வேறு. முன்னாளில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே கையில் இருந்தன. 1923ஆம் ஆண்டில் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும், கிறிஸ்தவ மிஷன்களும், தனிப்பட்ட முகாமையாளர்களும் அரசின் உதவிப்பணம் பெற்றுப் பாடசாலைகளை நடத்தினர். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் முகாமையைக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுத்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் உடைமையைத் தொட்டது. அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை வெளியிட்டு, பாடசாலையின் காணியையும் கட்டடத்தையும் முடிக்கு உரியனவாக்க அது வழி செய்தது. அன்று முடிக்கு உரியதானது இன்று குடியரசுக்கு உரியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உடைமை மாறுவது கட்டளையினால். ஆகவே, நம் பாடசாலை குறித்து அத்தகைய கட்டளை வெளிவந்ததா, வெளிவந்திருப்பின் எந்தெந்தக் காணித் துண்டுகள் அதிற் குறிக்கப்பட்டன என்பதே முதற் கேள்வி. விளையாட்டுத் திடலும் கிணற்றடியும் அதில் அடங்கினவா? கட்டளையில் அடங்காத துண்டு தருமசாதனமாக எழுதப்பட்டதாயின், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தருமகர்த்தாக்களின் பொறுப்பு இன்னும் நிலைத்திருக்கக் கூடும். வாய்ச்சொல்லால் மட்டும் கொடுத்த காணியோ வேறு கதை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசு உறுதியின்றிக் காணி கைமாறுவதை ஏற்பதில்லை.

கட்டடத்தின் நிலை யாது? நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தின்படி, நிலத்துக்கு உடையவனே அதன்மேல் எழுந்த கட்டடத்துக்கும் உடையவன். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் பணம் அனுப்பி அரச காணியில் மண்டபம் எழுப்பினால், சுவரிற் பதித்த பெயர்க்கல் அவர்களுடையது, மண்டபம் அரசினுடையது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம், கல்விக் கட்டடங்களையும் நூலகங்களையும் விளையாட்டுத் திடல்களையும் அமைத்துப் பேணும் பொறுப்பை மாகாணத்துக்கு அளித்தது. தேசியப் பாடசாலைகளோ மத்திய அமைச்சின் கீழ் உள்ளன. எனவே, மாகாணப் பாடசாலை ஒன்று தேசியப் பாடசாலையாகத் தரமுயரும்போது, அதன் கட்டடத்தின்மீதுள்ள அதிகாரமும் கொழும்புக்குச் செல்கின்றது. பெயர்ப்பலகை மாறுவதை வரவேற்கும் பெற்றோர் இதனையும் அறிந்து முடிவு செய்தல் வேண்டும்.

இவற்றிடையே ஊரின் குரல் எங்கே? பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கின்றது. அதற்கு அதிபரே தலைவர். நிதி திரட்டலாம், அனுமதி பெற்றுத் திருத்த வேலை செய்யலாம். ஆனால் அச்சங்கம் இயங்குவது அமைச்சின் சுற்றறிக்கைப்படி. ஒரு சுற்றறிக்கை கொடுத்ததை மற்றொரு சுற்றறிக்கை எடுத்துவிடலாம். இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் உருவாக்கிய பாடசாலைச் சபைகளை இதனோடு ஒப்பிடுங்கள். அவை வரி செலுத்தியோரால் தெரிவுசெய்யப்பட்டவை. இடையறாத வழியுரிமையும் பொது முத்திரையும் கொண்ட சட்ட ஆட்கள். தம் பெயரிலேயே காணி வாங்கி வைத்திருந்தவை. 1902ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை நீக்க வகைசெய்தபோதும், அவற்றின் அதிகாரம் தெரிவுசெய்யப்பட்ட உள்ளூராட்சி மன்றங்களிடமே சென்றது.

உடைமை அனைத்தையும் திருப்பித் தருக என்று நான் கேட்கவில்லை. இலவசக் கல்வியின் பாரத்தைத் தனிமனிதர் தாங்க இயலாது. நாம் கேட்பது இதுவே: பிள்ளைகள் குறைந்தனர் என்று பாடசாலையை மூடுமுன், அதன் காணியை வேறு தேவைக்குக் கொடுக்குமுன், கட்டடத்தை இடிக்குமுன், ஊரின் சபையிடம் எழுத்தில் கருத்துக் கேட்கும் கடமை சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். அச்சபையும் சட்ட ஆளாக இருத்தல் வேண்டும்.

அதுவரை நம் கடமை ஒன்று உண்டு. பழைய உறுதிகள் பெட்டகங்களிற் செல்லரிக்கின்றன. அவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். காணிப் பதிவகத்திற் பிரதி எடுங்கள், நில அளவை வரைபடத்தைத் தேடுங்கள், வர்த்தமானியைப் பாருங்கள், மூன்றையும் ஒரே கோவையிற் சேர்த்துச் சங்கத்தின் கூட்டக் குறிப்பிலும் பதியுங்கள். அக்கோவை இல்லாமல் எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் வெறுங்கையோடுதான் திரும்புவோம்.